மத்தியஸ்தம் – உத்தரமேரூர் முதல் 2023 வரை

ஓய்வு பெற்ற சட்ட அதிகாரி என்பதால், நமது சங்க விழாக்களுக்கு வரும்போதெல்லாம் சில அன்பர்கள் என்னைத் தனியாக ஒரு பக்கம் அழைத்துப் போய்ப் பேசுவதுண்டு. விஷயம் பெரும்பாலும் ஒன்றுதான். ஊரில் பூர்வீக வீடு இருக்கும். அண்ணா தம்பிக்குள் பேச்சுவார்த்தை இருக்காது. டில்லியிலிருந்து தஞ்சாவூர்ப் பக்கத்துக் கோர்ட்டுக்கு வாய்தாவுக்கு வாய்தா அலைந்து ஓய்ந்திருப்பார்கள். அல்லது பெண்ணுக்கோ பிள்ளைக்கோ கல்யாணமாகி இரண்டே வருஷத்தில் வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கும். "கேஸ் ஜெயிக்குமா சார்?" என்று கேட்பார்கள். "ஜெயித்த பிறகு அவர்களோடு எப்படி இருக்கப் போகிறீர்கள்?" என்று நான் திருப்பிக் கேட்டால் பலரும் பதில் சொல்வதில்லை.

அப்போது நான் மத்தியஸ்தத்தைப் பற்றிச் சொல்வேன். கோர்ட் வட்டாரத்தில் இதை 'மீடியேஷன்' என்கிறார்கள். இது அமெரிக்காவிலிருந்து வந்த புது வழக்கம் என்று சிலரும், நம் பழைய பஞ்சாயத்துதான் வேறு பெயரில் வந்திருக்கிறது என்று சிலரும் நினைக்கிறார்கள். இரண்டுமே பாதிதான் சரி. இதன் சரித்திரத்தைச் சற்று நிதானமாகப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகிறது. நடுவில் நிற்பவர் கையில் தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் இல்லாத இடங்களில்தான் மத்தியஸ்தம் பலன் தந்திருக்கிறது. அந்த அதிகாரத்தை அவர் எடுத்துக்கொண்ட உடனே அது இன்னொரு கோர்ட்டாகவோ, அதைவிட மோசமான ஒன்றாகவோ மாறியிருக்கிறது. அதைத்தான் இக்கட்டுரையில் சொல்ல விரும்புகிறேன்.

விரித்த ஐந்து விரல்கள்

'மத்யஸ்தன்' என்ற வடசொல்லுக்கு நடுவில் நிற்பவன் என்று பொருள். இந்தச் சொல் நம் பக்கத்துக் கல்வெட்டிலேயே வருகிறது. காஞ்சிபுரத்தை அடுத்த உத்தரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர்களில் முதலாம் பராந்தக சோழன் காலத்து இரண்டு கல்வெட்டுகள் உள்ளன. அவை 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. சதுர்வேதிமங்கலத்துச் சபையின் வாரியங்களுக்கு உறுப்பினர்களைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்த விதத்தை அவை விவரிக்கின்றன. முப்பது குடும்புகளிலும் தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவார்கள். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறு பாலகன் ஓலையை எடுப்பான். அதை மத்தியஸ்தன் வாங்க வேண்டும். எப்படி வாங்க வேண்டும் என்பதையும் கல்வெட்டு சொல்கிறது: ஐந்து விரலும் அகல விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும். வாங்கியதை அவன் படித்துக் காட்டியபின், கூடியிருக்கும் நம்பிமார் எல்லோரும் அதே ஓலையைப் படிக்க வேண்டும்.

இந்த மத்தியஸ்தன் இன்றைய பொருளில் வழக்குத் தீர்ப்பவன் அல்லன். சபையின் எழுத்து வேலையும் கணக்கும் பார்த்த ஊழியன். ஆனாலும் நடுவில் நிற்பவனிடம் ஊர் எதிர்பார்த்தது என்ன என்பது அந்த விரித்த விரல்களில் தெரிகிறது. அவன் கையில் எதுவும் ஒளிந்திருக்கக் கூடாது. யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதில் அவனுக்குப் பங்கு இல்லை. அதனால்தான் எல்லாக் குடும்பினரும் அவனை நம்ப முடிந்தது.

இதிகாசத்தில் இதற்கு நேர்மாறான ஓர் உதாரணம் உண்டு. கிருஷ்ணன் ஹஸ்தினாபுரம் சென்ற தூதைப் பலரும் மத்தியஸ்தம் என்று சொல்வார்கள். ஐந்து கிராமம் கொடுத்தாலும் போதும் என்ற அளவுக்குப் பாண்டவர் இறங்கி வந்தார்கள்; துரியோதனன் ஊசிமுனை இடமும் தர மறுத்தான். கிருஷ்ணன் பாண்டவர் பக்கத்தவன் என்பது சபையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். ஆகவே அது தூதுதான், மத்தியஸ்தம் அல்ல. இரு தரப்பும் நம்பும் ஒருவர் அந்தக் குடும்பத்தில் கிடைக்கவில்லை.

பஞ்சாயத்தும் கோர்ட்டும்

தர்ம சாஸ்திரங்கள் வழக்கு விசாரிக்கும் இடங்களைப் படிப்படியாகச் சொல்கின்றன. யாக்ஞவல்கிய ஸ்மிருதியின்படி முதலில் குலம், அதாவது உறவினர் கூட்டம்; அதற்கு மேல் ஒரே தொழில் செய்வோரின் சிரேணி; அதற்கு மேல் ஊர்ச்சபை போன்ற பூகம்; இவற்றுக்கும் மேலே அரசன் நியமித்த நியாயாதிபதிகள். வீட்டுச் சச்சரவு வீட்டுக்குப் பக்கத்திலேயே தீர வேண்டும் என்பதுதான் இந்த அமைப்பின் கருத்து.

கும்பெனி ஆட்சியில் கோர்ட்டுகள் வந்தன. சென்னை ராஜதானியில் தாமஸ் மன்றோ போன்றவர்கள் பழைய முறையைக் காப்பாற்ற முயன்றார்கள். 1816ஆம் ஆண்டுச் சட்டங்கள் கிராம முன்சீப்புகளுக்கும் பஞ்சாயத்துகளுக்கும் சிறு வழக்குகளைத் தீர்க்கும் அதிகாரத்தைக் கொடுத்தன. ஆனால் எதிர்பார்த்த அளவுக்கு ஜனங்கள் அந்தப் பஞ்சாயத்துகளைத் தேடிப் போகவில்லை. என் அபிப்பிராயத்தில் காரணம் எளிது. சர்க்கார் முத்திரை பெற்ற பஞ்சாயத்து ஒரு குட்டிக் கோர்ட்டாகிவிட்டது. கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும் என்றால் பெரிய கோர்ட்டுக்கே போகலாமே!

பஞ்சாயத்தை நாம் அளவுக்கு மீறிப் புகழ்ந்துவிடவும் கூடாது. ஊரை விட்டு விலக்கி வைப்போம் என்ற பயம் அதன் பின்னால் எப்போதும் இருந்தது. ஏழைகளுக்கும், ஒடுக்கப்பட்ட ஜாதியினருக்கும், பெண்களுக்கும் அங்கே சமமான பேச்சு இருந்ததில்லை. அந்த நிழல் இன்னும் முற்றிலும் போய்விடவில்லை. தமிழ்நாட்டின் கட்டப் பஞ்சாயத்துகள் சட்ட விரோதமானவை என்று சுப்ரீம் கோர்ட் 2011இல் கடுமையாகச் சொல்ல நேர்ந்தது. வடக்கே, வயது வந்த இருவரின் திருமணத்தில் 'காப்' பஞ்சாயத்துகள் தலையிடுவது சட்ட விரோதம் என்று 2018இல் தீர்ப்பு வந்தது. பயமுறுத்திச் சம்மதிக்க வைப்பதற்கு மத்தியஸ்தம் என்று பெயர் கிடையாது.

பிரிட்டோரியாவில் ஓர் இளம் வக்கீல்

இனி நாம் நன்கு அறிந்த ஒருவரின் அனுபவத்துக்கு வருவோம். 1893இல் காந்திஜி தென்னாப்பிரிக்கா சென்றது தாதா அப்துல்லா கம்பெனியின் வழக்குக்காக. எதிர்க்கட்சி தையப் சேட். இருவரும் போர்பந்தரைச் சேர்ந்தவர்கள்; உறவினர்களும் கூட. வழக்கின் தொகை 40,000 பவுன். பெரிய வக்கீல்கள் இரு பக்கமும் இருந்தார்கள். வழக்கு நீண்டால் செலவிலேயே இருவரும் அழிந்துபோவார்கள் என்பதைக் காந்திஜி கண்டார். இருவரையும் வற்புறுத்தி, இருவருக்கும் பொதுவான ஒருவரிடம் விவகாரத்தை விடச் செய்தார். அவர் விசாரித்து, தாதா அப்துல்லாவுக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னார். ஏறக்குறைய 37,000 பவுனும் செலவுத் தொகையும் தர வேண்டும் என்பது தீர்ப்பு.

பலரும் கதையை இங்கே நிறுத்திவிடுவார்கள். இதுவரை நடந்தது நடுவர் தீர்ப்பு, அதாவது 'ஆர்பிட்ரேஷன்'. ஒருவர் ஜெயித்தார், ஒருவர் தோற்றார். உண்மையான மத்தியஸ்தம் இதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. தையப் சேட்டால் அவ்வளவு பணத்தையும் ஒரே தடவையில் தர முடியாது. கேட்டால் திவால் ஆக வேண்டியதுதான். அந்த வர்த்தக சமூகத்தில் திவாலாவதைவிடச் சாவதே மேல் என்று நினைப்பார்கள். காந்திஜி தம் கட்சிக்காரரிடமே போய், நீண்ட தவணைகளில் பணத்தை வாங்கிக்கொள்ளச் சொன்னார். வழக்கை நடுவரிடம் விடச் செய்ததைவிட, ஜெயித்தவரைத் தவணைக்குச் சம்மதிக்க வைப்பதே தமக்குக் கஷ்டமாக இருந்தது என்று சத்திய சோதனையில் எழுதியிருக்கிறார். கடைசியில் இருவருக்கும் திருப்தி. வர்த்தகர்கள் மத்தியில் இருவருக்கும் மதிப்பும் உயர்ந்தது. பிளவுபட்டவர்களை ஒன்றுசேர்ப்பதே வக்கீலின் உண்மையான கடமை என்று தாம் கற்றுக்கொண்டது இந்த வழக்கில்தான் என்று அவர் சொல்கிறார்.

தவணை என்பது சட்டப் புத்தகத்தில் பெரிய விஷயமே அல்ல. ஆனால் ஒரு மனிதனின் மானத்தைக் காப்பாற்றியது அதுதான். தீர்ப்புச் சொன்ன நடுவரால் அதைக் கொடுக்க முடியவில்லை. எதிராளி மனம் இசைந்து கொடுக்க வேண்டியிருந்தது.

ஆமதாபாத், 1918

கால் நூற்றாண்டுக்குப் பிறகு ஆமதாபாத் ஆலைத் தகராறு வந்தது. பிளேக் போனஸை நிறுத்தியதால் எழுந்த கூலிப் பிரச்சினை அது. ஆலை முதலாளிகளின் முன்னணியில் இருந்தவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் நின்றவர் அவருடைய சொந்தச் சகோதரி அனசூயா சாராபாய். முதலாளிகள் 20 சதவீதத்துக்கு மேல் தர மறுத்தார்கள். காந்திஜி கணக்குப் போட்டு 35 சதவீதம் நியாயம் என்றார். பிப்ரவரி 22 முதல் ஆலைகள் மூடப்பட்டன. தொழிலாளர் மனம் தளர்ந்தபோது, மார்ச் 15ஆம் தேதி காந்திஜி உண்ணாவிரதம் தொடங்கினார். 18ஆம் தேதி உடன்பாடு ஏற்பட்டது.

அந்த உடன்பாட்டின் அமைப்பு சுவாரசியமானது. முதல் நாளுக்கு 35 சதவீதம். தொழிலாளர் பிரதிக்ஞை நிறைவேறியது. இரண்டாம் நாளுக்கு 20 சதவீதம். முதலாளிகள் சொன்ன சொல்லும் நின்றது. மூன்றாம் நாளிலிருந்து, நடுவர் முடிவு சொல்லும்வரை இரண்டுக்கும் நடுவான 27½ சதவீதம். நடுவர் ஆனந்தசங்கர் துருவா. சில மாதங்களில் அவர் 35 சதவீதமே சரி என்று தீர்ப்பளித்தார். யாரும் தலை குனியாமல் வெளியே வருவதற்கு ஒரு வாசல் வேண்டும். அந்த வாசலைத்தான் 35, 20, 27½ என்ற கணக்கு திறந்து கொடுத்தது.

ஆயினும் காந்திஜிக்கு ஓர் உறுத்தல் இருந்தது. முதலாளிகள் தமக்கு நெருங்கிய நண்பர்கள். தமது உண்ணாவிரதம் அவர்களை நிர்ப்பந்தப்படுத்திவிட்டது. ஆகவே அதில் குறை உண்டு என்று அவரே எழுதினார். நிர்ப்பந்தம் எவ்வளவு உயர்ந்த நோக்கத்தோடு வந்தாலும் நிர்ப்பந்தம்தான் என்பதை அவர் தம்மிடமே மறைக்கவில்லை.

ஆறு நதிகளின் பாகப்பிரிவினை

தேசப் பிரிவினைக்குப் பிறகு சிந்து நதி நீர் பற்றி இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் தகராறு எழுந்தது. உலக வங்கித் தலைவர் யூஜீன் பிளாக் மத்தியஸ்தம் செய்ய முன்வந்தார். 1952இல் பேச்சு ஆரம்பித்தது. இரு நாட்டு என்ஜினீயர்களும் சேர்ந்து ஒரே திட்டமாக நதிகளை நிர்வகிக்கலாம் என்பது முதல் யோசனை. அது சரிப்படவில்லை. 1954இல் வங்கி வேறு யோசனை சொன்னது. தண்ணீரைப் பங்கு போட வேண்டாம், நதிகளையே பிரித்துக்கொள்ளுங்கள்: ராவி, பியாஸ், சட்லெஜ் இந்தியாவுக்கு, சிந்து, ஜீலம், சீனாப் பெரும்பாலும் பாகிஸ்தானுக்கு. ஒரே வீட்டில் சேர்ந்து இருக்க முடியாத சகோதரர்களுக்குக் கூடத்தின் நடுவில் சுவர் எழுப்புவதைவிட, ஆளுக்கு ஒரு வீடு என்று பிரிப்பது நல்லது அல்லவா? அதே தத்துவம்தான்.

இதற்கும் மேலே ஆறு வருஷங்கள் பேசினார்கள். 1960 செப்டம்பர் 19 அன்று கராச்சியில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பாகிஸ்தான் தன் கால்வாய்களுக்கு மேற்கு நதிகளிலிருந்து நீர் கொண்டு செல்லும் வேலைகளுக்காக இந்தியா 6,20,60,000 பவுன் தருவதென்று முடிவாயிற்று. அதுவும் பத்து வருடாந்தரத் தவணைகளில்! பிரிட்டோரியாவில் கண்ட அதே வழிதான். இடையில் 1965, 1971, 1999 ஆண்டுகளில் போர்கள் நடந்தபோதும் ஒப்பந்தம் நின்றது. பஹல்காம் படுகொலைக்குப் பின், 2025 ஏப்ரலில் இந்தியா அதை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. அறுபத்து நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஓர் உடன்பாடு தாக்குப்பிடித்ததே பெரிது. நம்பிக்கை போய்விட்டால் எந்தப் பத்திரமும் நிற்காது என்பதும் இதே கதையில் கிடைக்கும் பாடம்.

கோர்ட்டுக்குள் வந்த மத்தியஸ்தம்

சட்டப் புத்தகங்களில் சமரசம் பல காலமாகவே உண்டு. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம் சமரச அதிகாரிகளை ஏற்படுத்தியது. 1984ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றச் சட்டம், முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும் என்று நீதிபதிகளுக்கே கடமை விதித்தது. லோக் அதாலத் எனும் மக்கள் நீதிமன்றம் 1982இல் குஜராத்தில் ஆரம்பித்து, 1987ஆம் ஆண்டுச் சட்டத்தால் அந்தஸ்து பெற்றது.

பெரிய திருப்பம் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 89ஆவது பிரிவு. 1999இல் இயற்றப்பட்டு, 2002 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. வழக்கு சமரசத்துக்கு ஏற்றது என்று கண்டால், கோர்ட்டே அதை மத்தியஸ்தத்துக்கு அனுப்பலாம். இந்தத் திருத்தங்களை எதிர்த்துச் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனவர்கள் சேலம் வக்கீல்கள் சங்கத்தார் என்பது நமக்குச் சுவையான செய்தி. அவர்கள் போட்ட வழக்கில்தான், நீதிபதி ஜகந்நாத ராவ் கமிட்டி தயாரித்த மத்தியஸ்த விதிகளை 2005இல் சுப்ரீம் கோர்ட் ஏற்று, எல்லா ஹைகோர்ட்டுகளுக்கும் வழி காட்டியது. எதிர்க்கப் போன வழக்கே மத்தியஸ்தத்துக்கு அஸ்திவாரமாயிற்று!

அதே 2005 ஏப்ரலில், கோர்ட்டோடு இணைந்த சமரச மையம் சென்னை ஹைகோர்ட் வளாகத்தில் திறக்கப்பட்டது. தேசத்தில் இவ்வகையில் அதுவே முதலாவது. அதற்கு உழைத்தவர்களில் மூத்த வக்கீல் ஸ்ரீராம் பஞ்சு முக்கியமானவர். நம் டில்லியில் அதே ஆண்டில் தீஸ் ஹஸாரியிலும், 2006இல் ஹைகோர்ட்டில் 'சமாதான்' என்ற பெயரிலும் மையங்கள் வந்தன. தீஸ் ஹஸாரி மையத்துக்கு நான் ஆபீஸ் வேலையாகப் பல தடவை போயிருக்கிறேன். கோர்ட் ஹாலில் முகம் கொடுத்துப் பேசாத கட்சிக்காரர்கள், அங்கே ஒரு வட்ட மேஜையைச் சுற்றி உட்கார்ந்து டீ குடிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

2019இல் அயோத்தி வழக்கையும் மத்தியஸ்தத்துக்கு அனுப்பினார்கள். மார்ச் 8ஆம் தேதி நியமிக்கப்பட்ட மூவர் ஓய்வு பெற்ற நீதிபதி கலிஃபுல்லா, ஸ்ரீ ஸ்ரீ ரவிசங்கர், ஸ்ரீராம் பஞ்சு. மூவருமே தமிழ்நாட்டோடு தொடர்புள்ளவர்கள். முழு உடன்பாடு கிட்டவில்லை. ஆகஸ்டில் விசாரணை தொடங்கி, நவம்பர் 9 அன்று தீர்ப்பு வந்தது. இரு தரப்பின் கோடிக்கணக்கானவர்களும் மேஜையைச் சுற்றி உட்கார முடியாது. யாருடைய சம்மதம் வேண்டுமோ அவர்கள் எல்லோரும் அறையில் இல்லாத வழக்கு மத்தியஸ்தத்துக்கு மிகவும் கடினமானது.

கடைசியாக, 2023 செப்டம்பரில் மத்தியஸ்தத்துக்கென்றே தனிச் சட்டம் வந்தது. அவ்வருஷம் அக்டோபர் 9 முதல் அதன் சில பிரிவுகள் அமலாயின. மத்தியஸ்தர் எந்த முடிவையும் கட்சிக்காரர்கள் மீது திணிக்க அதிகாரம் இல்லாதவர் என்று சட்டத்தின் வரையறையிலேயே எழுதியிருக்கிறார்கள். பேச்சு 120 நாட்களில் முடிய வேண்டும், இரு தரப்பும் சம்மதித்தால் இன்னும் 60 நாட்கள் நீட்டலாம், உள்ளே பேசியது வெளியே போகக் கூடாது என்பவை இச்சட்டத்தின் மற்ற முக்கிய அம்சங்கள்.

பெரியம்மா வீட்டு வழக்கு

இத்தனை சரித்திரமும் ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு என்ன செய்யும் என்பதை, என் பெரியம்மா வீட்டு வழக்கைக் கொண்டு சொல்கிறேன். எழுதுவதற்கு அவர்களிடம் சம்மதம் பெற்றிருக்கிறேன்.

பெரியப்பா உயில் எழுதாமல் காலமானார். அவர் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு. பெரியம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு பெண் என்று நாலு பங்கு. மூத்தவர் ஊரில் அந்த வீட்டிலேயே இருந்தார். இளையவர் மும்பையில், அக்கா இங்கே டில்லியில். இளையவர் பாகப்பிரிவினை வழக்குப் போட்டார். பதினொரு வருஷங்கள் ஓடின. இதற்கிடையில், விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிடும்படி அக்காவிடம் உறவினர்கள் பலர் சொன்னார்கள். "உனக்கு என்ன குறைச்சல்? பொறந்தாத்து மனுஷா வேணும்னா போட்டுடு" என்றார்கள். அதற்கும் சமரசம் என்றே பெயர் வைத்தார்கள்.

வழக்கு ஜில்லா சமரச மையத்துக்குப் போனபோது, எண்பத்து மூன்று வயதுப் பெரியம்மாவுக்குத் துணையாக நான் போனேன். வெளியே வராந்தாவில்தான் உட்கார்ந்திருந்தேன். உள்ளே நடந்தது அவர்கள் பிறகு சொன்னது. மத்தியஸ்தர் ஒரு பெண் வக்கீல். முதல் நாள் அவர் பங்கைப் பற்றியே பேசவில்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியாக அழைத்து, "பிராதில் எழுதாத விஷயம் ஏதாவது உண்டா?" என்று கேட்டாராம்.

இருந்தது. மூத்தவர் வருஷா வருஷம் ஓடு மாற்றி, வீட்டு வரி கட்டி, பெரியப்பாவின் திதியைத் தனியாளாகச் செய்து வந்தார்; யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அக்கா பெரியம்மாவை டில்லிக்கு அழைத்து வந்து ஆபரேஷன் செய்து இரண்டு வருஷம் பார்த்துக்கொண்டார். அந்தச் செலவை யாரும் கேட்டதில்லை. இளையவருக்கோ பணம் பெரிதே அல்ல. பெரியப்பா காலமானபோது, அவர் மும்பையிலிருந்து வந்து சேர்வதற்குள் தகனம் முடிந்துவிட்டது.

மூன்றாவது அமர்வில் எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்தார்கள். "அண்ணா, எனக்காக ஒரு ராத்திரி காத்திண்டிருக்கக் கூடாதா?" என்று தம்பி கேட்டாராம். "பெரியவாள்ளாம் கூடாதுன்னுட்டா. எனக்கும் மனசு கேக்கலைடா. பதினொரு வருஷமா இதை நீ என்னை ஒரு தரம் கேக்கலையே" என்றார் மூத்தவர்.

நாலாவது அமர்வில் உடன்பாடு எழுதப்பட்டது. வீடு மூத்தவருக்கு. மார்க்கெட் மதிப்புப்படி மற்றவர்களின் பங்குக்குப் பணம், மூன்று தவணைகளில். அக்காவின் பங்கு குறையவில்லை. ஆஸ்பத்திரிச் செலவையும் மூன்று பேருமாகப் பகிர்ந்துகொண்டார்கள். பெரியம்மா காலம் வரை அவருக்கு அந்த வீட்டில் இருக்கும் உரிமை. கோர்ட் அதை டிக்ரியாகப் பதிவு செய்தது. சட்டப்படி எந்த நீதிபதியும் பங்கைப் பிரித்துக் கொடுத்திருப்பார். ஆனால் தகனத்தைப் பற்றிய கேள்வி எந்தத் தீர்ப்பிலும் வந்திருக்காது. அந்த வருஷத் திதிக்கு மூன்று பேரும் ஊருக்குப் போனார்கள்.

எதற்கு ஆகாது

எல்லா விவகாரத்துக்கும் இது மருந்தல்ல. மோசடி, போலிப் பத்திரம், கடுமையான குற்றங்கள் போன்றவற்றை இதற்கு அனுப்பக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2010இலேயே வகைப்படுத்திச் சொல்லியிருக்கிறது. பாலியல் வன்முறை வழக்கில் சமரசம் என்ற பேச்சே கூடாது என்று 2015இல் திட்டவட்டமாகக் கூறியது. அடிபடும் பெண்ணிடம் "அனுசரித்துப் போ" என்று சொல்வது மத்தியஸ்தம் ஆகாது. பெண்ணின் சொத்துரிமையும் அப்படித்தான். தமிழ்நாட்டில் 1989லும், தேசம் முழுவதும் 2005லும் கூட்டுக் குடும்பச் சொத்தில் பெண்களுக்குச் சம உரிமை வந்துவிட்டது. தன் உரிமை இன்னதென்று தெரிந்த பின், மனம் ஒப்பி விட்டுக்கொடுப்பது வேறு. தெரியாமலோ பயந்தோ கையெழுத்துப் போடுவது வேறு.

அங்கத்தினர்களுக்கு மூன்று வார்த்தை

முதலாவது, வழக்கு ஏற்கெனவே கோர்ட்டில் இருந்தாலும் எந்தக் கட்டத்திலும் மத்தியஸ்தம் கேட்கலாம். உங்கள் வக்கீலிடம் சொன்னால் போதும். ஒத்துவராவிட்டால் வழக்கு விட்ட இடத்திலிருந்து தொடரும். நீங்கள் உள்ளே பேசியது எதுவும் உங்களுக்கு எதிராக வராது.

இரண்டாவது, பணமும் மிச்சம். 89ஆவது பிரிவின்படி முடிந்த வழக்குக்குக் கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும். கட்சிக்காரர்கள் தாங்களாகவே வெளியில் பேசி முடித்துக்கொண்டாலும் அது பொருந்தும் என்று, சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட் 2021இல் சொல்லிவிட்டது.

மூன்றாவது, உறவில் யாராவது உங்களை நடுவில் நிற்கக் கூப்பிட்டால், யார் சரி என்று சொல்ல அவசரப்படாதீர்கள். அதற்குக் கோர்ட் இருக்கிறது. பிராதில் எழுதாதது என்ன என்று கேளுங்கள். இரு தரப்பும் முழுவதும் சொல்லி முடிக்கும்வரை காத்திருங்கள். முடிவை அவர்களே எடுக்கட்டும். உடன்பாடு ஏற்பட்டால், அதைத் தேதி, தொகை, தவணை எல்லாவற்றோடும் அன்றே எழுதிக் கையெழுத்து வாங்கி, ஒரு நல்ல வக்கீலிடம் காட்டிப் பதிவு செய்ய வேண்டியதைப் பதிவு செய்துவிடுங்கள். வாய்ச்சொல்லாக விட்ட சமரசங்கள் அடுத்த தலைமுறையில் மீண்டும் வழக்காக வருவதை என் முப்பது வருஷ உத்தியோகத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன்.